ஓ.எல் முடிச்ச பிள்ளைக்கு என்னதான் தெரிஞ்சிருக்க வேணும்?

பிரிவு: ஊரும் கல்வியும்

இரணைமடுக்காரன் | கிளிநொச்சி | சனி, இரவு 8.12

ஓ.எல் (தரம் 11 சாதாரண தரச் சோதினை) முடிவு வந்தால் ஏ9 ரோட்டு வழிய ஒரு கிழமைக்குப் பனருக்குக் குறைவில்லை. ஒன்பது பாடத்திலயும் ஏ எடுத்த பிள்ளையின்ர படம், அதிபரின்ர வாழ்த்து, பழைய மாணவர் சங்கத்தின்ர பேர். நல்லது, பிள்ளை கஷ்டப்பட்டுப் படிச்சது, போடட்டும். நான் கேக்கிறது பனரில இல்லாத பிள்ளையளைப் பற்றி.

நான் ஒரு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில இருக்கிறன். கூட்டத்தில "போன வருஷத்தை விட சித்தி வீதம் கூட" எண்டு வாசிப்பினம், கை தட்டுவம், தேத்தண்ணி குடிப்பம். 35 புள்ளி எடுத்தால் எஸ், சாதாரண சித்தி. அதுக்குக் கீழ டபிள்யூ, பெயில். ஆறு பாடம் சித்தி, அதுக்குள்ள தாய்மொழியும் கணிதமும் இருக்க வேணும், மூண்டு பாடத்தில எண்டாலும் சி (திறமைச் சித்தி) வேணும், அப்ப ஏ.எல் (உயர்தரம்) படிக்கலாம். சரி. அந்த 35 எடுத்த பிள்ளைக்கும், 34 எடுத்து வீட்ட நிக்கிற பிள்ளைக்கும் 16 வயசில என்ன செய்யத் தெரியும்? பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுமோ? தவணைக் கடன் தாற லீசிங்காரன் நீட்டுற தாளை வாசிச்சு விளங்கிக் கையெழுத்து வைக்குமோ? மின்சாரப் பட்டியல் ஏன் இந்த மாதம் இப்பிடி எகிறினது எண்டு பாத்துச் சொல்லுமோ?

2016 இல கட்டாயக் கல்வி வயசை 14 இல இருந்து 16 ஆக்கினவை. அதாவது 11 வருஷம் பிள்ளை அரசாங்கத்தின்ர கையில நிக்குது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் உது தெரியாட்டி ஆற்ற பிழை எண்டு சண்டை பிடிக்க நான் வரேல்லை. பள்ளிக்கூடத்தின்ர தரத்தைக் கடைசி வாங்குப் பிள்ளையை வைச்சு அளக்க வேணும் எண்டு நினைக்கிறன். "இதுக்குக் கீழ ஒரு பிள்ளையையும் வெளிய விடமாட்டம்" எண்டு ஒரு கோடு கீற வேணும். அந்தக் கோடு எங்க? வாத்திமார், தாய் தேப்பன்மார் சொல்லுங்கோ.

கணக்கு வாத்தி | ஓர் அதிகஷ்டப் பிரதேசம் | சனி, இரவு 9.47

அண்ணை, நீங்கள் கேக்கிற லீசிங் கணக்கு பாடத்திட்டத்தில இல்லை எண்டு நினைச்சுக் கொண்டிருக்கிறியள் போல. இருக்கு. தரம் 10 இல வரி, எளிய வட்டி. தரம் 11 இல கூட்டு வட்டி, குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணிக்கிறது, தவணைக் கொடுப்பனவு, பங்குச் சந்தை கூட இருக்கு. எங்கட பிள்ளையள் ஒரு கொம்பனிப் பங்கின்ர இலாபப் பங்கு கணிக்கத் தெரிஞ்சுதான் சோதினைக்குப் போகினம்.

ஒரு உதாரணம். 24,000 ரூபா கடன், ஆண்டுக்கு 24 வீதம், 12 மாதத் தவணை. குறைந்து செல்லும் மீதி எண்டால் மாதாமாதம் கட்டுற கடன் பங்கு 2,000. முதல் மாதம் 12 பங்கும் கடனில நிக்கும், அடுத்த மாதம் 11, அப்பிடியே குறையும். இந்த மாத அலகுகளை 12 இல இருந்து 1 வரைக்கும் கூட்டினால் 78. ஓர் அலகுக்கு வட்டி 2,000 இன் 2 வீதம், 40 ரூபா. மொத்த வட்டி 78 தர 40, அதாவது 3,120. மாதம் 2,260 கட்டினால் கடன் முடிஞ்சுது.

இதே கடனை "ஃபிளட் ரேட்" எண்டு தாறவன் என்ன செய்வான்? முழு 24,000 க்கும் வருஷம் முழுக்க 24 வீதம் போடுவான். வட்டி 5,760. மாதம் 2,480. ரெண்டு தாளிலயும் "24%" எண்டுதான் எழுதியிருக்கும். 2,640 ரூபா வித்தியாசம். கட்டி முடிச்ச பங்குக்கும் சேர்த்து வட்டி கட்டிக்கொண்டு இருக்கிறம், அவ்வளவுதான் விசயம்.

இந்தக் கணக்கை வகுப்பில செய்யிற பிள்ளையின்ர வீட்டிலயே ஃபிளட் ரேட்டில எடுத்த கடன் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளை ரெண்டையும் பொருத்திப் பாக்காது. ஏனெண்டால் நாங்கள் அதைச் சொல்லிக் குடுக்கிறது இரண்டாம் பத்திரத்தில வாற ஒரு 10 புள்ளி வினாவாத்தான். "இது லேசான கேள்வி, விட்டிடாதேங்கோ" எண்டுதான் என்ர வாயில இருந்து வாறதும். சோதினை கேக்கிற வடிவத்தில படிப்பிக்கிறம், சோதினை கேக்கிற வடிவத்திலயே அது செத்துப்போகுது.

இனி மற்றப் பிரச்சினை, இதைத்தான் முதலில எழுதியிருக்க வேணும். தரம் 11 இல என்ர வகுப்பில பாதிப் பேருக்கு மேல இந்த வினாவைத் தொடுறதே இல்லை. கூட்டல் பெருக்கல் தெரியாமல் இல்லை. வினா நாலு வரி. அந்த நாலு வரியைத் தட்டாமல் வாசிச்சு, யார் ஆருக்குக் காசு குடுக்கினம் எண்டு பிடிக்க ஏலாமல் இருக்கு. நான் வாசிச்சுக் காட்டினால் கணக்கைச் செய்துபோடுவினம். கணிதத்தில டபிள்யூ எண்டு வருகுது. உண்மையில அது தமிழில வந்த டபிள்யூ.

தரம் 3 இல வாசிக்கப் பழகாத பிள்ளை 4 க்குப் போகுது, 5 க்குப் போகுது, அப்பிடியே 11 வரைக்கும் ஏத்திக்கொண்டு வந்து என்ர கையில தருகினம். கோடு கீறிறதெண்டால் தரம் 3 இல கீறுங்கோ. 11 இல கீறிப் பிரயோசனம் இல்லை.

ஸ்காபரோ தம்பர் | கனடா | சனி, இரவு 11.30

நல்ல தலைப்பு. நான் 80களில ஊரில படிச்ச ஆள். 35 க்கு பாஸ் குடுக்கிறதுதான் பிழையின்ர மூலம். 50 ஆக்குங்கோ, பிள்ளையள் தானாப் படிக்கும். எங்கட காலத்தில வாத்தியார் பிரம்பைத் தூக்கினால் வாசிப்பு வந்துது. இப்ப பிரம்பும் இல்லை, பயமும் இல்லை.

எங்கட ஊர்ச் சங்கம் ஸ்மார்ட் போட் ரெண்டு வாங்கிக் குடுக்க ரெடி. ஸூமில இஞ்சயிருந்து இங்கிலிஸ் வகுப்பும் எடுக்கலாம். எந்தப் பள்ளிக்கூடம் எண்டு சொல்லுங்கோ.

மல்லாவி மருமகள் | துணுக்காய் வலயம் | ஞாயிறு, காலை 6.05

தம்பர் அண்ணை, கோவிக்காதேங்கோ. 50 ஆக்கினால் பிள்ளையள் தானாப் படிக்கும் எண்டது கனடாவில இருந்து பாக்க அப்பிடித் தெரியும். இஞ்ச என்ன நடக்கும் எண்டு நான் சொல்லுறன். பெயிலாற பொம்பிளைப் பிள்ளை அடுத்த மாதம் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில ஏறும், இல்லாட்டிக் கலியாணம் பேசுவினம். பொடியன் மண் ஏத்துற ட்ராக்டரில நிப்பான். 35 எண்டாலும் எடுத்தால்தான் "இன்னும் ஒருக்கா எழுதிப் பாப்பம்" எண்டு தாய் சொல்லுவாள். எல்லைக் கல்லைத் தள்ளி நட்டால் நடக்கிறவனுக்குக் கால் பலம் வருமோ?

பிரம்பால வாசிப்பு வந்த கதையும் வேண்டாம். பிரம்புக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவையின்ர கணக்கை ஆரும் எடுக்கேல்லை.

ஸ்மார்ட் போட் எங்கட மகளின்ர பள்ளிக்கூடத்தில ஏற்கெனவே ஒண்டு இருக்கு. அறையில பூட்டிக் கிடக்கு. அதைப் போட்டுக் காட்டத் தெரிஞ்ச ரீச்சர் இடமாற்றத்தில போட்டா.

வாத்தி மாஸ்ரர் சொன்ன ஃபிளட் ரேட் கதை எங்கட ஒழுங்கை முழுக்க நடந்தது. கிழமைக்குக் கிழமை கூட்டம் வைச்சு, அஞ்சு பொம்பிளையளைச் சேர்த்துக் குழுக் கடன் குடுத்தவை. ஒராள் கட்டாட்டி மற்ற நாலு பேரும் கட்ட வேணும். ஒண்டைக் கட்ட இன்னொண்டு எடுத்து, அதைக் கட்ட மூண்டாவது. 2018 இல வறட்சி பாதிச்ச மாவட்டங்களில பொம்பிளையளின்ர ஒரு லட்சத்துக்குள்ள இருந்த நுண்கடனை அரசாங்கம் பாரமெடுக்கிறதெண்டு வந்துது. அந்த நேரம் தன்ர கடன் அதுக்குள்ள அடங்குமோ இல்லையோ எண்டு புத்தகத்தைப் பாத்துச் சொல்லத் தெரிஞ்ச ஆக்கள் ஒழுங்கையில ரெண்டே பேர். அந்த ரெண்டு பேரும் ஏ.எல் படிச்சவை. மிச்ச எல்லாரும் பள்ளிக்கூடம் போனவைதான், ஓ.எல் எழுதினவையும் இருந்தவை.

அதால இரணைமடு அண்ணை கீறச் சொல்லுற கோட்டுக்கு நான் கை தூக்கிறன். ஆனால் சோதினையைக் கஷ்டமாக்கி அது வராது.

பொன்னாவரசங்குளம் | வவுனியா | ஞாயிறு, காலை 8.20

பஸ்ஸைப் பற்றி ஆரும் கதைக்கேல்லை. காலமை ஒரே ஒரு பஸ். அது பிந்தினால் முதலாம் பாடம் இல்லை. யானை நிண்டால் ரெண்டாம் பாடமும் இல்லை. ரவுணில இருந்து வாற ரீச்சர்மாரும் அதே பஸ்தான், பின்னேரம் திரும்பிற பஸ்ஸைப் பிடிக்கக் கடைசிப் பாடத்தில புத்தகத்தை மூடி வைச்சிட்டு நிப்பினம். அவையையும் குறை சொல்ல ஏலாது, அதை விட்டால் வேற பஸ் இல்லை. முதல் தரமாப் பஸ்ஸின்ர தரத்தைக் கூட்டுங்கோ.

அறிவியல் நகர்ப் பொடியன் | கிளிநொச்சி | ஞாயிறு, பகல் 12.15

நான் கடைசி வாங்கு. ஓ.எல் கணக்கில ரெண்டு தரம் டபிள்யூ. இப்ப வாகனத் திருத்துநர் வேலை, என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) நாலு முடிச்சிருக்கிறன்.

அறிவியல் நகரில 2016 இல திறந்த ஜேர்மன் பயிற்சி நிறுவகம் எல்லாருக்கும் தெரியும் தானே. ஜேர்மன்காரன் மிசின் தந்தான் எண்டு சனம் அதைப் பெருசாக் கதைக்கும். எனக்கு அங்க அடிச்சது வேற. பின்னம், தசமம், விகிதம் விளங்காமல் ஸ்பனரையே பிடிக்க ஏலாது. மில்லிமீற்றரில நூறில ஒரு பங்கு பிழைச்சால் வேலை திரும்பி வரும். பள்ளிக்கூடத்தில "பின்னம் ஏன் சேர்?" எண்டு கேட்டால் சோதினைக்கு வரும் எண்டினம். அங்க வேலைக்கு வந்துது. சோதினையில ரெண்டு தரம் விட்ட அதே பின்னத்தைத்தான் இப்ப ஒவ்வொரு நாளும் செய்யிறன்.

ஒரு கோவம் இருக்கு, சொல்லிப்போட்டுப் போறன். 2017 இல 13 வருட உத்தரவாதக் கல்வி எண்டு தொடங்கினது நல்ல திட்டம். ஓ.எல் பெயிலெண்டாலும் தரம் 12 படிக்கலாம், தரம் 13 இல தொழிற்பயிற்சி, முடிவில என்.வி.கியூ நாலு. ஆனால் பள்ளிக்கூடத்தில அந்த வகுப்பைப் பாக்கிற பார்வை? என்ர தம்பி போன இடத்தில அந்த வகுப்புக்குக் குடுத்தது மேடைக்குப் பின்னால இருந்த களஞ்சிய அறை. காலமைக் கூட்டத்தில கடைசி வரிசை. படிச்ச பிள்ளை, படிக்காத பிள்ளை எண்டு பிரிச்சு வைச்சிட்டுத் தரத்தைப் பற்றிக் கதைக்கிறது சரிவராது. வேலை தெரிஞ்ச பிள்ளைக்கும் கணக்கு வேணும், தமிழ் வேணும். விலைக்கேள்வி எழுதத் தெரியாத மேசன் கடைசிவரைக்கும் கூலிக்குத்தான் நிப்பான்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, பகல் 12.50

பள்ளிக்கூடங்களின்ர பேர், அதிபர்மாரின்ர பேர் போட்டு எழுதின ரெண்டு பதிவைத் தூக்கியிருக்கிறன். விசயத்தைக் கதையுங்கோ, ஆளைக் கதைக்காதேங்கோ.

ஓய்வுபெற்ற ஆலோசகர் | முல்லைத்தீவு | ஞாயிறு, மாலை 4.32

ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் சேவைக்கால ஆலோசகராக வன்னியின் பல வலயங்களில் பணியாற்றியவன். இங்கு எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை உண்மை. ஆனால் இந்த இழை போகும் திசை எனக்கு உவப்பாக இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

கடன் படிவம், மின்சாரப் பட்டியல், பிரதேச செயலாளருக்குக் கடிதம். இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வன்னிப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்தப் பட்டியல்? கொழும்பிலே ஒரு பெரிய பாடசாலையின் பெற்றோர் கூட்டத்தில் "எங்கள் பிள்ளைக்குப் படிவம் நிரப்பப் பழக்குங்கள்" என்று யாராவது கேட்பார்களா? அங்கே விவாதக் குழு, ரோபோ, நாடகம், விண்மீன் பார்ப்பது. இங்கே ஏழைப் பிள்ளைக்கு ஏழையாக வாழப் பயிற்சி. 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது, கிராமத்துப் பிள்ளைக்குக் கிராமத்துக்கு ஏற்ற கல்வி போதும் என்ற வாதமும் அன்று இருந்தது. அதைத் தாண்டித்தான் மத்திய கல்லூரிகள் எழுந்தன. நாம் திரும்பிப் பின்னால் நடக்கக் கூடாது.

இரண்டாவது, இங்கு எந்தப் பாடசாலையைப் பற்றிப் பேசுகிறோம்? 1ஏபி பாடசாலையில்தான் உயர்தர விஞ்ஞானம், கணிதம் உண்டு. 1சி என்றால் கலை, வர்த்தகம். இரண்டாம் வகைப் பாடசாலை தரம் 11 உடன் முடிந்துவிடும். வன்னியில் உட்கிராமத்துப் பிள்ளைக்கு அருகில் இருப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகை. விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளை உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று ஒரு கதவு திறந்துதான் இருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. கதவருகே வந்து சேரும் பிள்ளைகள்தான் குறைவு. உயிரியலுக்கோ பௌதிகவியலுக்கோ ஆசிரியர் இல்லாத ஊரில் பிள்ளை கலைப்பிரிவைத் தெரிவுசெய்தது என்று எழுதுகிறோம். எதைப் பார்த்துத் தெரிவுசெய்தது?

வாசிப்புப் பற்றி கணித ஆசிரியர் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆரம்பப் பிரிவில் அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்று ஒன்று ஏட்டில் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு பிள்ளையும் எதில் நிற்கிறது என்று ஆசிரியர் குறித்து வைக்க வேண்டும். குறித்தும் வைக்கிறார்கள். நான் மேற்பார்வைக்குப் போன இடங்களில் அந்தப் பதிவேடுகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சரி அடையாளம் இருந்தது. பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால் நிலைமை வேறு. பதிவேட்டில் பிழை அடையாளம் போட்டால் ஆசிரியரிடம் விளக்கம் கேட்பார்கள். சரி போட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இந்த ஒன்றை மாற்றாமல் எந்தச் சீர்திருத்தமும் வகுப்பறைக்குள் நுழையாது. 2025 இல் அறிவித்த தரம் 1, தரம் 6 மாற்றங்களுக்கும் இதே விதிதான்.

செட்டிகுளம் 2009 | புதுக்குடியிருப்பு | ஞாயிறு, இரவு 7.18

ஐயா எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். அரைவாசிக்குச் சம்மதம், அரைவாசிக்கு இல்லை.

நான் போர் முடிஞ்ச கையோட, 2009 ஓகஸ்ட் ஏ.எல் சோதினையை இடம்பெயர்ந்த ஆக்களின்ர முகாமுக்குள்ள எழுதின செற். புத்தகம் எல்லாம் வழியில போட்டுது. பொருளியல் படிப்பிச்ச சேரும் எங்களோட கூடாரத்தில இருந்தவர், நினைவில இருந்து சொல்லுவார், சீமெந்துப் பையின்ர உள்பக்கத் தாளில எழுதுவம். அந்த நேரத்தில ஆரும் எங்களுக்குத் தரத்தைக் குறைச்சுத் தரேல்லை, நாடு முழுக்க எழுதின அதே பத்திரம்தான். அதால ஐயா சொல்லுற "அதே கல்வி எங்கட பிள்ளைக்கும் வேணும்" எண்டதை நான் மறுக்கமாட்டன்.

ஆனால் இப்ப நான் ஊரில என்ன செய்யிறன் தெரியுமோ? முன்பள்ளி ஆசிரியை. பின்னேரம் எங்கட முத்தத்தில ஆக்கள் வந்து நிப்பினம், தாளோட. காணி அனுமதிப்பத்திரத்தில பின்னுரித்தாளர் பேர் பதியிற படிவம், மரண அத்தாட்சி, வீட்டுத்திட்டக் கடிதம், காணாமல் போன ஆளுக்கான அலுவலகத்துக் கடிதம். புருசன் இல்லாத பொம்பிளையள் இஞ்ச எவ்வளவு எண்டு உங்களுக்குத் தெரியும். பின்னுரித்தாளர் பதியாமல் விட்ட காணியில சகோதரங்கள் நீதிமன்றம் ஏறினதைப் பாத்திருக்கிறன். வாற ஆக்கள் கனபேருக்கு வீட்டில தரம் 9, 10 படிக்கிற பிள்ளை இருக்கு. "பிள்ளை வாசிக்காதோ?" எண்டு கேட்டால் "அதுக்கு உது விளங்காதாம் மிஸ்" எண்டினம்.

ஐயா, ஏழைக்குப் படிவம், பணக்காரனுக்கு விண்மீன் எண்டு பிரிச்சுப் பாத்தால் நீங்கள் சொல்லுறது சரிதான். ஆனால் அந்தப் படிவம் லேசான தமிழ் இல்லை. அதிலயிருக்கிற வசனம் ஒண்டு அரைப் பக்கம் ஓடும். அதை வாசிச்சு "இதில இப்பிடிச் சொல்லியிருக்கு அம்மா, இந்த இடத்தில கையெழுத்து வைக்காதேங்கோ" எண்டு சொல்லுற பிள்ளைக்கு இலக்கியமும் வாசிக்கலாம், விஞ்ஞானமும் வாசிக்கலாம். ரெண்டும் ஒரே வாசிப்புத்தான். நான் கேக்கிறது கூடின தரம், குறைஞ்ச தரம் இல்லை.

இரணைமடுக்காரன் | கிளிநொச்சி | ஞாயிறு, இரவு 8.05

தங்கச்சி, நான் சொல்ல வந்ததை என்னை விட வடிவாச் சொல்லிப்போட்டியள்.

ஐயா, கொழும்புப் பிள்ளைக்குப் படிவம் பழக்கத் தேவையில்லாததுக்குக் காரணம் இருக்கு. அதின்ர தேப்பன் வங்கியில, மாமா சட்டத்தரணி. வீட்டுச் சாப்பாட்டு மேசையில அது தானா வருகுது. எங்கட பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தராட்டி வேற இடம் இல்லை. விண்மீனும் வேணும், நானும் வேண்டாம் எண்டேல்லை.

ஓய்வுபெற்ற ஆலோசகர் | முல்லைத்தீவு | ஞாயிறு, இரவு 8.40

"ரெண்டும் ஒரே வாசிப்பு" என்பதை ஏற்கிறேன். அப்படியானால் அதைத் தமிழ்ப் பாடத்துக்குள் வையுங்கள், தனியாக "வாழ்க்கைத் திறன்" என்று ஒரு பாடத்தைப் பிறப்பிக்காதீர்கள். குடியியற் கல்வி என்ற பாடத்துக்கு என்ன நடந்தது என்று பார்த்தவன் நான். சாதாரண தரத்தில் தெரிவுப் பாடமாக ஒரு தொகுதிக்குள் கிடக்கிறது. அதிலும் குறிப்பைப் பாடமாக்கி எழுதுகிறார்கள்.

ஓமந்தை ராசா | வவுனியா | ஞாயிறு, இரவு 9.02

சிங்களம்? ஒருத்தரும் தொடேல்லை. பொலிசில முறைப்பாடு எழுதினால் சிங்களத்தில எழுதிப்போட்டுக் கையெழுத்து வை எண்டு நீட்டுவினம். தமிழில கேக்க உரிமை இருக்கு, சட்டம் இருக்கு. ஆனால் நீட்டின தாளில என்ன இருக்கு எண்டு வாசிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் அந்த உரிமையைக் கேக்கத் துணிவு வரும். தரம் 6 இல இருந்து இரண்டாம் மொழி எண்டு நேரசூசியில இருக்கு. எங்கட பள்ளிக்கூடத்தில அந்தப் பாடத்துக்கு விளையாட்டு ஆசிரியர் வருவார்.

மல்லாவி மருமகள் | துணுக்காய் வலயம் | ஞாயிறு, இரவு 9.10

விளையாட்டு ஆசிரியர் எண்டாலும் வாறாரே. குடுத்து வைச்சனியள்.

ஸ்காபரோ தம்பர் | கனடா | திங்கள், காலை 5.50

மருமகள் பிள்ளை, நான் கோவிக்கேல்லை. பிரம்பு விசயத்தில நான் இன்னும் என்ர பக்கம்தான், அது கிடக்கட்டும். ஸ்மார்ட் போட் வேண்டாம் எண்டால் எதுக்குக் காசு தாறது? எங்கட சங்கத்தில ஆக்களுக்கு ஒரு படம் வேணும், திறப்பு விழாப் படம். அதில்லாமல் காசு சேராது. உள்ளதைச் சொல்லுறன்.

கணக்கு வாத்தி | ஓர் அதிகஷ்டப் பிரதேசம் | திங்கள், பிற்பகல் 2.36

தம்பர் அண்ணை உள்ளதைச் சொன்னதுக்கு நன்றி. படத்துக்கு வராத ஒரு சாமான்தான் எங்களுக்கு வேணும். தரம் 2, 3, 4 பிள்ளையளைப் பத்துப் பத்தாப் பிரிச்சு, பாடசாலை விட்டபிறகு ஒரு மணித்தியாலம் வாசிக்க வைக்க ஓர் ஆள். ஊரில ஏ.எல் முடிச்சு வேலை இல்லாமல் இருக்கிற பிள்ளையள் இருக்கினம், அவைக்கு மாதாமாதம் ஒரு படி (கொடுப்பனவு). பிறகு கதைப் புத்தகம், ஒரே புத்தகத்தில பத்துப் பிரதி, எல்லாரும் ஒரே நேரத்தில விரிச்சு வைச்சு வாசிக்க. அலுமாரியில பூட்டி வைக்கிற நூலகம் வேண்டாம். பிள்ளை கிழிச்சாலும் பரவாயில்லை.

ஆலோசகர் ஐயாவின்ர பதிவேட்டு விசயத்துக்கு நான் ஒரு வழி சொல்லுறன். ஆசிரியர் தன்ர பிள்ளைக்குத் தானே சரி போடுற வரைக்கும் அது மாறாது. பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் வந்து வாசிக்கச் சொல்லிக் கேக்கட்டும், நாங்கள் அங்க போய்க் கேக்கிறம். தண்டனைக்கு இல்லை. எந்தப் பிள்ளைக்கு அந்தப் பின்னேர வகுப்பு வேணும் எண்டு தெரிய மட்டும். பிழை அடையாளம் போட்டால் உதவி வரும் எண்டு தெரிஞ்சால் ஆசிரியர் ஏன் பொய்யா சரி போடப் போறார்?

தரம் 10, 11 க்கு நான் எனக்குள்ள ஒண்டு தொடங்கியிருக்கிறன். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடம் எப்பிடியும் பாதிப் பிள்ளையள் நித்திரை. அந்தப் பாடத்துக்கு வீட்டில இருந்து ஏதாவது ஒரு தாள் கொண்டுவரச் சொல்லுறன், பேர், அடையாள அட்டை இலக்கத்தை மறைச்சு. மின்சாரப் பட்டியல் வந்தால் முதல் அலகுகளுக்கு ஒரு விலை, கூடக்கூட அடுத்த படிக்கு வேற விலை எண்டு பிரிச்சுக் கணிக்கிறம். நகை அடகுத் துண்டு ஒண்டு வந்துது. நெல் வித்த ரசீது வந்துது, ஈரப்பதனுக்கு எவ்வளவு கழிச்சவன், அது நியாயமோ எண்டு ஒரு பாடம் முழுக்கச் சண்டை. ஒரு பிள்ளையும் நித்திரை கொள்ளேல்லை. இதில சோதினைக்கு எவ்வளவு வரும் எண்டு கேட்டால் நேரடியாக் கொஞ்சம்தான். பரீட்சைத் திணைக்களம் உண்மையான ஒரு கடன் தாளைப் படமாப் போட்டு வினாக் கேட்டால் அடுத்த தவணையே நாடு முழுக்க எல்லா வகுப்பிலயும் கடன் தாள் விரியும். சுற்றறிக்கை ஒண்டும் தேவையில்லை.

ஓய்வுபெற்ற ஆலோசகர் | முல்லைத்தீவு | திங்கள், மாலை 5.20

பாடசாலை வளவுக்குள் வெளியாள் வந்து வகுப்பெடுக்க வலயத்தின் அனுமதி வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, அதிபர் ஊடாகக் கோட்டக்கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். படிக்கு வரும் பணத்தைச் சங்கத்தின் வங்கிக் கணக்கூடாகக் கொடுங்கள், கையில் கொடுக்காதீர்கள். பின்னாளில் கணக்காய்வில் கேள்வி வரும். கடிதத்தின் மாதிரி வேண்டுமானால் எழுதித் தருகிறேன். பாடசாலைகள் ஒன்றையொன்று சோதிப்பதற்கு அதிபர்கள் சம்மதிப்பார்களா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. இரண்டு பாடசாலைகளில் முயன்று பாருங்கள்.

இரணைமடுக்காரன் | கிளிநொச்சி | திங்கள், இரவு 7.44

மாதிரி போடுங்கோ ஐயா. எங்கட கூட்டம் மாத முடிவில இருக்கு, அதில வைக்கிறன். கை தட்டுவினமோ தெரியாது.

அறிவியல் நகர்ப் பொடியன் | கிளிநொச்சி | திங்கள், இரவு 9.15

வாத்தி சேர், எனக்கும் ஒரு தாள் இருக்கு. மோட்டச்சைக்கிள் லீசிங். 300,000 ரூபா, 36 மாதம், ஆண்டுக்கு 18 வீதம் எண்டினம். மாதம் 12,833 கட்டச் சொல்லுகினம். இன்னும் கையெழுத்து வைக்கேல்லை. இது உங்கட முதலாம் கணக்கோ ரெண்டாம் கணக்கோ? முதலாவது எண்டால் எவ்வளவு வரவேணும்?

கணக்கு வாத்தி | ஓர் அதிகஷ்டப் பிரதேசம் | திங்கள், இரவு 9.31

தம்பி, உமக்குத் தனித் தகவலில அனுப்பியிருக்கிறன், அதைப் பாத்திட்டுக் கையெழுத்தைப் பற்றி யோசியும். மற்றவை தயவுசெய்து விடையை இஞ்ச போடாதேங்கோ. என்ர தரம் 11 பிள்ளையள் ரெண்டு மூண்டு பேர் இந்த இழையை வாசிக்கினம், வெள்ளிக்கிழமை இதைத்தான் குடுக்கப் போறன். மாத அலகு 666 வரும், அது வரைக்கும் சொல்லலாம்.